கயிற்றோடு போன மணல்: ‘ஒரு மாவட்டம் ஒரு பொருள்’ திட்டம் வகுப்போருக்குக் குலசேகரத்திலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரியீர்,

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் மலைச்சரக்குக் கடை வைத்திருக்கிறேன். கடைப் பலகையில் ‘மலஞ்சரக்கு வியாபாரம்’ என்றுதான் இருக்கும். அப்பா எழுதவைத்த பலகை. பேச்சுவழக்கு என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை. ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ரப்பர்), நல்லமிளகு, கிராம்பு, பாக்கு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) என்று மலையிலும் அடிவாரத்துத் தோட்டங்களிலும் விளைவதை நிறுத்து வாங்கி, தரம் பிரித்து, கட்டி அனுப்புவது எங்கள் தொழில். முப்பத்திரண்டு வருடமாகத் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மடலை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

மாவட்டத்துக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதை வளர்க்கும் உங்கள் ‘ஒரு மாவட்டம் ஒரு பொருள்’ திட்டத்துக்காக, சென்ற மாதம் வியாபாரிகளின் கருத்தைக் கேட்டு ஓர் அலுவலகத்திலிருந்து படிவம் ஒன்று வந்தது. ‘மாவட்டத்தின் முதன்மைப் பொருள்’ என்று தலைப்பு. அதன் கீழே ஒரு கட்டம், தீப்பெட்டி அகலத்துக்கு. முதலில் ரப்பர் என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் தேன் நினைவுக்கு வந்தது. காற்புள்ளி போட்டுத் தேனைச் சேர்த்தேன். பிறகு கிராம்பு, வாழை. கட்டம் நிரம்பி, எழுத்து வெளியே வழிந்தது. தொலைபேசியில் கேட்டபோது மறுமுனையில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்: “ஒன்றே ஒன்று எழுதுங்கள் ஐயா. இரண்டு எழுதினால் கணினி ஏற்காது.”

அந்தத் தம்பி மீது எனக்குக் குறையில்லை. கட்டம் போட்டவர் அவர் இல்லை. போட்டவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

படிவத்தை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்த அன்று காலையில் கடைக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பேச்சிப்பாறை சாலையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர். நாங்கள் பாட்டா என்று கூப்பிடுவோம். சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு. அவிழ்த்ததும் மேலே பதினோரு ரப்பர் ஷீட். ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். ஷீட்டை வெயிலுக்கு எதிரே பிடித்தால் நல்ல கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒளி ஊடுருவ வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே ஈரம். குமிழி தெரிந்தால் அதுவும் குறைதான். இரண்டு ஷீட்டில் புள்ளி இருந்தது. புகைக்கூட்டில் இன்னும் ஒருநாள் கிடந்திருக்க வேண்டும். மற்ற ஒன்பதும் ஆர்.எஸ்.எஸ். நான்கு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் அரசியல் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்; கோடு போட்டுப் புகையிட்ட ஷீட்டின் நான்காம் தரத்துக்கு ஆங்கில முதலெழுத்துகளில் வியாபாரம் வைத்த பெயர் அது. ஷீட்டுக்குக் கீழே ஒரு பொதி நல்லமிளகு. அதற்கும் கீழே, துணி சுற்றிய பாட்டிலில் தேன். தேன் எனக்கு விற்க அல்ல. மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறும் மருமகளிடம் கொடுத்துவிட. சைக்கிள் கைப்பிடியில் ஒரு சீப்பு மட்டிப்பழம். அது என் வீட்டுக்கு.

அந்த ஒற்றைச் சாக்கை இப்போது உங்கள் கண்ணால் பாருங்கள். ஷீட்டுக்குப் பொறுப்பு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ரப்பர் வாரியம். அது வணிக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மிளகுக்கு நறுமணப் பொருள் வாரியம், அதுவும் வணிகம். தேனுக்கு வேளாண் அமைச்சகம் ஒருபக்கம், காதி கிராமத் தொழில் ஆணையம் மறுபக்கம். பாட்டாவின் வேலியோரத் தென்னைக்கு வேளாண் அமைச்சகத்தின் தென்னை வளர்ச்சி வாரியம். அதே தேங்காயின் மட்டை கயிறாகிவிட்டால் சிறுதொழில் அமைச்சகத்தின் கயிறு வாரியம். ஒரு சைக்கிள் கேரியரில் இந்திய அரசின் பாதி உட்கார்ந்திருக்கிறது. பாட்டாவுக்கோ அது ஒரே சாக்கு, ஒரே வாரத்துச் செலவு. ஷீட் விலை இறங்கிய வாரம் மிளகை இறக்குவார். மிளகும் இறங்கினால் தேன். மூன்றும் போனால் வாழைக்குலை. அவர் நட்டுவைத்திருப்பதெல்லாம் ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று சோறு போட வேண்டும் என்ற கணக்கில் நட்டது.

உங்கள் திட்டத்துக்குப் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2020இல் தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் 35 சதவீத மானியம், 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. என் அக்காள் மகன் அப்படிக் கடன் வாங்கி வற்றல் எந்திரம் போட்டு நன்றாகவே இருக்கிறான். ஒரு பொருளுக்கு முத்திரை, பெட்டி, கண்காட்சி, விமான நிலையத்தில் கடை என்பதெல்லாம் ஓர் ஊருக்கு வேண்டியதுதான். பாத்திரம் மட்டும் செய்யும் ஊர், பூட்டு மட்டும் செய்யும் ஊர் இருக்கின்றன. அவர்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. எங்களுக்குத்தான் கை நுழையவில்லை.

1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் பதினெட்டு லட்சத்து எழுபதாயிரம் பேர். மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முடிச்சும், நாஞ்சில் நாட்டு வயலும், மூன்று பக்கக் கடலும் ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் அடங்கிவிடும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஐப்பசி மழையை நம்பியிருக்க, எங்களுக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமழை என்கிற அந்த ஐப்பசி மழையும் உண்டு. இரண்டு மழை பெய்கிற ஊரில் ஒரே பயிர் வைப்பவனைப் பைத்தியக்காரன் என்பார்கள்.

அந்தப் பைத்தியக்காரத்தனத்தையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம்.

2011இல் ரப்பர் கிலோ 240 ரூபாய் வரை போனது. என் கடை வாசலில் புதிய மோட்டார் சைக்கிள்களாக நின்ற காலம் அது. வாழை வெட்டினார்கள், மரச்சீனிக் கிழங்கைப் பிடுங்கினார்கள், வயலைத் தூர்த்தார்கள், ரப்பர் நட்டார்கள். எந்த அரசும் சொல்லாமல் நாங்களாகவே ‘ஒரு மாவட்டம் ஒரு பொருள்’ நடத்தினோம். ரப்பர்க் கன்று பால்வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும். அந்தக் கன்றுகள் பருவத்துக்கு வந்துகொண்டிருந்தபோது, 2016 தொடக்கத்தில், விலை நூறு ரூபாய்க்குக் கீழே கிடந்தது. பால்வெட்டுகிறவருக்குக் கூலி கொடுத்து, ஆசிட் வாங்கி, ரோலரில் அடித்து, புகைக்கு விறகு போட்டால் மிஞ்சுவது புகைதான். மரம் நின்றது, பால் பிடிக்கும் சிரட்டை கவிழ்ந்து தொங்கியது. எத்தனையோ தோட்டத்தில் பால் வெட்டவே இல்லை. என் கடையில் கடன் நோட்டு தடித்தது அந்த வருடங்களில்தான். சிலருடைய பக்கத்தை நானே கிழித்துப் போட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, வாங்க முடியாது என்று தெரிந்த கடனை எழுதிவைத்திருப்பது மனதுக்குப் பாரம்.

எல்லையைத் தாண்டிக் கேரளத்தில் 2015இலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கிலோவுக்கு 150 ரூபாய் என்று வைத்து, சந்தை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு கொடுக்கும். பிறகு அந்தத் தொகையைப் படிப்படியாகக் கூட்டினார்கள். எல்லையூரான களியக்காவிளைக்கு இந்தப்பக்கம் நிற்கிற மரமும் அந்தப்பக்கம் நிற்கிற மரமும் ஒரே மழையில் நனைகின்றன, ஒரே சந்தைக்குப் போகின்றன. இந்தப்பக்கத்து மரத்துக்கு மட்டும் தாங்குவிலை இல்லை.

ஏன் இல்லை என்று ஒருமுறை கேட்டபோதுதான் ரப்பர் உலகத்தின் கணக்கில் விவசாயமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. உலக வர்த்தக அமைப்பின் வேளாண்மை ஒப்பந்தத்தில் எந்தெந்தப் பொருள் சேரும் என்று ஒரு பட்டியல் உண்டு. பருத்தி இருக்கிறது, பட்டுக்கூடு இருக்கிறது. ரப்பர் இல்லை. அது தொழிற்சாலை மூலப்பொருள். பாட்டா விடியற்காலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பட்டை சீவி எடுப்பது விவசாயம் ஆகாது என்று எங்கோ ஒரு மேசையில் முடிவாகிவிட்டது. அதனால் மற்ற விளைபொருளுக்குப் போடுவதுபோல உயரமான இறக்குமதி வரிச்சுவர் எழுப்ப முடியாது. 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். வேறு பொருள் கொஞ்சம் கலந்து ‘கூட்டு ரப்பர்’ என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தால் வரி இன்னும் குறைவாக இருந்தது. 2023 பட்ஜெட்டில்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். 2024 ஆகஸ்டில் விலை மறுபடி 240ஐத் தாண்டியது. தொடர்மழையில் வெட்டு நடக்காத மாதம் அது. விலை இருந்தது, ஷீட் இல்லை. மழை விட்டு ஷீட் வந்தபோது விலை இறங்கிவிட்டது.

ரப்பரைப் பற்றி இவ்வளவு எழுதியதால் ரப்பரையே கட்டத்தில் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிடாதீர்கள். மார்த்தாண்டம் தேனைப் பற்றிக் கேளுங்கள்.

மார்த்தாண்டம் தேன் என்றால் ஏதோ மலைப்பூவின் தேன் என்று பட்டணத்தில் நினைக்கிறார்கள். பெரும்பகுதி ரப்பர் தேன். அதுவும் பூவிலிருந்து அல்ல. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் மொத்தமாக இலையை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர்விடும். அந்தத் தளிரில் மூன்று இலையும் காம்பும் சேருகிற இடத்தில் பொடிப்பொடியாகத் தேன் சுரக்கும். மாசி, பங்குனியில் ஒரு தோட்டத்துக்குள் நின்றால் தலைக்கு மேலே இரைச்சல் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் ஒரு பூவும் இருக்காது. தேன்பெட்டிக்காரர்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாக வைப்பது அந்த இரண்டு மூன்று மாதத்துக்குத்தான். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பை இங்கே பரப்பினார். ரப்பர் பரவப் பரவத் தேனும் பெருகியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வைரஸ் நோய் ஒன்று வந்து கூடுகளைக் கூண்டோடு அழித்தபோது ரப்பர் பால் குறையவில்லை, தேன் அற்றுப்போனது. ரப்பர் விலை விழுந்து மரத்தையே வெட்டிச் சாய்க்கும்போது தேனீக்கு ஒரு நோயும் இல்லை, ஆனால் தேன் குறைகிறது. இந்த இரண்டில் எதை ‘பொருள்’ என்றும் எதைத் ‘துணைப்பொருள்’ என்றும் கட்டத்தில் எழுதுவது?

ஒரு சின்ன வருத்தத்தையும் இடையில் சொல்லிவிடுகிறேன். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அது அதன் குணம். வெளியூர்ப் பட்டணத்து மொத்த வியாபாரி ஒருவர், உறைந்த தேனைப் பார்த்துச் சீனி கலந்தது என்று சொல்லி ஒரு வண்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். அனுப்பியவர் என் சிநேகிதர். சோதித்துக் காட்டலாம் என்றால் மாதிரியை எடுத்துக்கொண்டு வெளியூர் ஆய்வகத்துக்கு ஓட வேண்டும், முடிவு வருவதற்குள் வாங்கியவர் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார். அழகான லேபிள் அடித்துக் கொடுக்க நீங்கள் தயாராக இருக்கிறீர்கள். எங்களுக்கு முதலில் வேண்டியது பக்கத்தில் ஓர் ஆய்வகம்.

இனி அண்டியாபீஸுக்கு வாருங்கள். முந்திரிக்கொட்டை எங்களுக்கு அண்டி. அது உடைபடும் ஆலை அண்டியாபீஸ். போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் என்பதால் மலையாளத்தில் பறங்கி அண்டி என்பார்கள். கொல்லத்தில் கூலிச் சட்டம் இறுகியபோது முதலாளிகள் ஆலைகளைத் தெற்கே நகர்த்தினார்கள். அப்படித்தான் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஊர்களில் இத்தனை அண்டியாபீஸ் வந்தது. உள்ளே வேலை செய்பவர்கள் அநேகமாகப் பெண்கள். பக்கத்து வீட்டு மைனி இருபத்தாறு வருடம் அண்டி தல்லியவர். ஒரு கொட்டையை மரக்கட்டையில் நிறுத்தி ஒரே தட்டில் ஓட்டைப் பிளக்க வேண்டும். இரண்டாவது தட்டு விழுந்தால் பருப்பு பிளந்துவிடும். முழுப்பருப்புக்கு ஒரு விலை, பிளந்ததற்கு வேறு விலை. ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பல் பூசிக்கொண்டாலும் விரல் நுனி கறுத்துவிடும். ஆதாருக்குக் கைரேகை வைக்கப் போனபோது மைனியின் விரலை எந்திரம் மூன்று முறை நிராகரித்தது. மைனி சிரித்துக்கொண்டே சொன்னார்: “அண்டி தின்றது போக மிச்சம்தானே ரேகை.”

மைனி உடைத்த கொட்டையில் எங்கள் மாவட்டத்தில் விளைந்தது கொஞ்சம்தான். ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா என்று கப்பலில் வருகிறது. பருப்பு துபாய்க்கும் ஜப்பானுக்கும் போகிறது. நொறுங்கியது நம் ஊர் இனிப்புக் கடைக்கு. கொட்டை ஆப்பிரிக்காவில், வாய் வெளிநாட்டில், விரல் மட்டும் விளவங்கோட்டில். ‘உள்ளூர் விளைபொருள்’ என்ற உங்கள் தலைப்பில் இது சேருமா? சேராது என்றால் அத்தனை பெண்களின் வேலையும் கணக்கில் இல்லை. வியட்நாமில் எந்திரம் உடைக்கத் தொடங்கிய பிறகு இங்கே வேலைநாள் குறைந்துகொண்டே வருகிறது. கச்சாக் கொட்டைக்கான இறக்குமதி வரி 2018இல் 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆனது. அந்த அரைவாசிக் குறைப்பில் எத்தனை ஆலை மூச்சுவிட்டது என்பதை முத்திரை குத்திய எந்தப் பெட்டியும் சொல்லாது.

கடலிலும் இதே கதை. இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரை தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர் ஆண்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். இந்தியாவில் அவர்களுக்கு இணையான ஆழ்கடல் தொழிலாளிகள் குறைவு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது நாடு அவர்கள் பெயரைக் கேட்டது, பிறகு மறந்துவிட்டது. அவர்கள் படகு பெரும்பாலும் கொச்சியில் கரையேறுகிறது. மீன் எங்கே இறங்குகிறதோ அந்தத் துறைமுகத்தின் கணக்கில்தான் அது ஏறும். உயிரைப் பணயம் வைத்தது தூத்தூர்க்காரர், புள்ளிவிவரம் எர்ணாகுளத்துக்கு. விளைச்சலை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு எங்கள் மாவட்டம் சின்னதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோவாளைச் சந்தையின் பூவையும் இப்படியே சொல்லலாம், சுருக்கிக்கொள்கிறேன். பிச்சி நம்முடையது. ரோஜா ஓசூரிலிருந்து, மல்லிகை சத்தியமங்கலம், மதுரைப் பக்கத்திலிருந்து. நடுச்சாமத்தில் சேர்ந்து, விடியும் முன்னே திருவனந்தபுரத்துக்கு ஏறிவிடும். ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் தோவாளைச் சந்தையில் கால்வைக்க இடமிருக்காது. வாங்குபவர் மலையாளி, விற்பவர் நாஞ்சில்காரர், பூ யாருடையதோ. தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மட்டிப்பழத்துக்கு 2023இல். அதற்கு முன்பே ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும், வடசேரியில் பரதநாட்டியக்காரர்களுக்குச் செய்யும் கோயில் நகைக்கும், மலைக்கிராம்புக்கும் கிடைத்திருக்கிறது. ஓர் அரசு அலுவலகம் பொருளுக்குப் பொருள் முத்திரை கொடுத்துக்கொண்டே போக, இன்னோர் அலுவலகம் ஒன்றை மட்டும் சொல் என்கிறது. இருவரும் ஒருநாள் சேர்ந்து காபி குடித்தால் நல்லது.

இப்போது தலைப்பில் சொன்ன மணலுக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கதையை முதலில் சொன்னவர் எங்கள் கடற்கரையில் இருக்கும் மணவாளக்குறிச்சிக்காரர் ஒருவர். பிறகு படித்தும் பார்த்தேன்.

நூறு வருடத்துக்கு முன்பு, எங்கள் ஊரும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர்க் கரையின் பெரிய ஏற்றுமதி கயிறு. தேங்காய் மட்டையை அழுகவைத்து, அடித்து, முறுக்கிக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஜெர்மனிக்குப் போன அந்தக் கயிற்றில் பளபளவென்று மணல் ஒட்டியிருந்தது. வாங்குகிறவனுக்கு அது குப்பை, எடையைக் கூட்ட வியாபாரி செய்த வேலை என்றுகூடத் திட்டியிருப்பான். ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909இல் அதைச் சோதித்துப் பார்த்தார். மோனசைட். அன்றைக்கு வீதி விளக்கெல்லாம் எரிவாயு விளக்கு. விளக்கின் வலை பிரகாசிக்கத் தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட்டில் இருக்கிறது. அதுவரை பிரேசிலிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஷோம்பர்க் கயிற்றின் தடம் பிடித்து மணவாளக்குறிச்சிக்கு வந்து மணல் ஆலை வைத்தார். மின்விளக்கு வந்து எரிவாயு விளக்கு அணைந்த பிறகு அணுசக்திக்குத் தோரியம் வேண்டும் என்றார்கள். 1950இல் இந்திய அரிய மணல் நிறுவனம் உருவானது. இன்றைக்குக் காந்தத்துக்கும் மின்வண்டிக்கும் அரிய மண் தனிமங்கள் வேண்டும் என்று உலகமே அலைகிறது. அதே மணல்தான், கேட்கிற ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்.

1908இல் உங்கள் படிவம் வந்திருந்தால் எங்கள் பாட்டன்மார் என்ன எழுதியிருப்பார்கள்? கயிறு. சரியான பதில்தான். கட்டம் நிரம்பியிருக்கும், மணல் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

அந்த மணலுக்கு இன்று கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் சுரங்க அனுமதி என்றதும் கடற்கரை மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். வீடும் படகும் வலையும் நிற்கிற மண் அது. கதிர்வீச்சைப் பற்றிய பயமும் அவர்களுக்கு வெறும் வதந்தி அல்ல, வீட்டுக்குள் பார்த்த நோய். நான் மலைப்பக்கத்துக்காரன், அவர்கள் சார்பில் பேச எனக்கு அதிகாரம் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ‘முதன்மைப் பொருள்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பொருளின் மேல் குடியிருக்கும் மற்ற தொழிலெல்லாம் இடையூறு ஆகிவிடுகிறது. 2016இல் இனயத்தில் சரக்குப் பெட்டக முனையம் என்றார்கள், பிறகு கீழமணக்குடி என்றார்கள், மக்கள் எதிர்த்தார்கள், நின்றுபோனது. 2025 மே மாதம் எல்லைக்கு அந்தப்பக்கம் விழிஞ்ஞம் துறைமுகத்தைத் திறந்துவைத்தார்கள். இப்போது எங்கள் மலையின் கல் லாரி லாரியாக எல்லை தாண்டுகிறது. அதுவும் மலைச்சரக்குதான் என்று கடையில் உட்கார்ந்து கசப்பாகச் சிரித்துக்கொள்கிறோம்.

உங்கள் திட்டத்தின் மூலத்தையும் என் மகள் தேடிக் கொடுத்தாள். ஜப்பானில் ஓய்தா என்ற பகுதியில் 1979இல் ஆளுநராக இருந்த ஹிராமட்சு தொடங்கிய ‘ஒரு கிராமம் ஒரு பொருள்’. அங்கே கிராமத்தார் தாங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே கிராமம் இரண்டு மூன்று பொருளை வைத்துக்கொண்டதும் உண்டு. உத்தரப் பிரதேசம் 2018இல் அதை மாவட்டமாக்கியது. கிராமத்துக்கு ஒன்று என்பதை மாவட்டத்துக்கு ஒன்று என்று நீட்டியபோது, சட்டையை மாற்றாமல் ஆளை மட்டும் வளர்த்துவிட்டார்கள்.

1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தவர்கள். மொழிக்காகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அதில் இன்றுவரை வருத்தமில்லை. ஆனால் சரக்கு இன்னும் பழைய வழியிலேயே நடக்கிறது: ஷீட் கோட்டயத்துக்கு, பூ திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவுக்கு, ரப்பர்த் தடி பெரும்பாவூர் பிளைவுட் ஆலைக்கு, நேந்திரன் குலை ஓணச் சந்தைக்கு. என் கடை ஷீட் கோட்டயத்து மொத்த வியாபாரி கைக்குப் போய், அங்கிருந்து சில சமயம் சென்னைப் பக்கத்து டயர் ஆலைக்கே திரும்பி வருகிறது. கன்னியாகுமரியில் வெட்டியது காஞ்சிபுரத்துக்குக் கேரள ரசீதில் போகிறது. இந்தப் போக்குவரத்தைத் தமிழ்நாட்டின் கணக்கிலோ கேரளத்தின் கணக்கிலோ தேடினால் பாதி பாதிதான் கிடைக்கும்.

ஆகவே கேட்பது இதுதான். படிவத்தில் கட்டத்தை எடுத்துவிட்டு, எது எதோடு சேர்ந்து விளைகிறது, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று மூன்று கேள்வி வையுங்கள். மானியம் பொருளுக்கு என்று இல்லாமல், பல பொருளுக்குப் பொதுவான வசதிக்கும் கிடைக்கட்டும்: தேனும் மிளகும் கிராம்பும் சோதிக்கும் ஆய்வகம் ஒன்று, மழைக்காலத்தில் ஷீட்டும் பாக்கும் உலர்த்த ஊருக்கு ஒரு பொதுப் புகைக்கூடு, மார்த்தாண்டத்தில் குளிர்பதனக் கிடங்கு. ரப்பருக்குக் கேரளத்தில் உள்ளதுபோலத் தாங்குவிலை தருவது மாநில அரசின் கையில் இருக்கிறது. அதை விவசாயம் என்று ஏற்பது டெல்லியின் கையில். அண்டியாபீஸ் பெண்களை ‘உள்ளூர் விளைபொருள் அல்ல’ என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கட்டத்தில் ‘இணைப்பைப் பார்க்க’ என்று எழுதியிருக்கிறேன். கணினி ஏற்குமா என்று தெரியவில்லை. இணைப்பில் போன வியாழக்கிழமையின் கொள்முதல் சீட்டின் நகல் இருக்கிறது: ஷீட் 412 கிலோ, ஒட்டுப்பால் 96 கிலோ, நல்லமிளகு 31 கிலோ, பாக்கு 58 கிலோ, ஜாதிக்காய் 7 கிலோ, கிராம்பு 2 கிலோ 300 கிராம், எடை போடாமல் வாங்கிவைத்த மட்டிப்பழம் ஒரு சீப்பு. உங்களில் யாராவது நேரில் பார்க்க வருவதாக இருந்தால் திங்கட்கிழமை வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாததால் இரண்டு நாள் சரக்கு சேர்ந்து வரும். காலை எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டால், ஷீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது எப்படி என்று காட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
குலசேகரம் மலஞ்சரக்குக் கடைக்காரன்